சுவரில் வரைந்த தவளைக்கு எத்தனை விரல்?

பொதுச் சுவர் ஒன்றில் இயற்கையை வரையலாம் என்று பேச்செடுத்தால் போதும், முதலில் வருகிற கோரிக்கை புலி. அடுத்து யானை. கொஞ்சம் யோசித்துவிட்டு யாராவது டால்பின் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சுவரோவியம் வரைகிற வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வரிசை எங்கேயும் மாறியதில்லை. புலி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அழகான விலங்கு, சுவரை நிறைத்து நிற்கும், நின்று படம் எடுத்துக்கொள்ள ஆள் வரும். ஆனால் அந்தச் சுவரைக் கடந்து போகிற ஒருவர் புலிக்காக நாளைக் காலையில் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றும் இல்லை. சுவருக்குப் பின்னால் இருக்கிற குட்டையில் தவளை இருக்கிறது. குட்டையில் குப்பை கொட்டாமல் இருக்கவும், கொட்டுகிறவரிடம் ஏன் என்று கேட்கவும், அதை மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று யாராவது கிளம்பினால் குறுக்கே நிற்கவும் அவரால் முடியும். ஆகவே நான் எப்போதும் தவளைக் கட்சி.

இயற்கைப் பாதுகாப்புக்காகப் பொது இடத்தில் செய்கிற கலை, பார்க்கிறவரிடம் ஏதாவது ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும் என்று நம்புகிறேன். வரைவதிலேயே ஒரு பங்காக இருக்கலாம், வரைந்து முடிந்தபின் ஒரு பொறுப்பாக இருக்கலாம். அப்படி எதையும் ஒப்படைக்காத ஓவியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறே மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் வேலை வரைவதுதான். ஒரு பிள்ளையிடம் தவளையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் கொட்டாவி விடும். அதே பிள்ளையின் கையில் சாக்கட்டியைக் கொடுத்து, ஆளுயரத் தவளை ஒன்றை வரையச் சொல்லுங்கள். கண் தலையில் எங்கே இருக்கிறது, வாய் எதுவரை போகிறது, காது உண்டா இல்லையா, எல்லாவற்றையும் அது முடிவு செய்தாக வேண்டும். ஒரு முறை சுவரில் கட்டம் போட்டு முடித்து, முன்கால் வரைய ஆரம்பித்தோம். ஒரு சிறுமி ஐந்து விரல் போட்டாள். பக்கத்தில் நின்ற பையன் மூன்றுதான் என்றான். அவள் தன் கையைப் பார்த்துப் போட்டிருந்தாள், அவன் கோழிக்காலை நினைத்துக்கொண்டு சொன்னான். வாக்குவாதம் முற்றி, எல்லோரும் கும்பலாகக் குட்டைக்குப் போய் உட்கார்ந்தோம். கரையோரம் ஒரு தவளை அசையாமல் இருந்தது. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து. இரண்டு பேருமே தோற்றார்கள். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு கேள்விகள் நிற்கவில்லை. "அக்கா, இது தண்ணி எப்படிக் குடிக்கும்?" என்று அந்தச் சிறுமியே கேட்டாள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பகுதியும் ஈரமான அந்தத் தோல் வழியாகத்தான் நடக்கிறது. அப்படியென்றால் குட்டையில் சோப்புத் தண்ணீர் கலந்தால்? பூச்சிமருந்து வந்து சேர்ந்தால்? பதிலை நான் சொல்லவில்லை. "அதுவும் உள்ளே போயிடும்ல?" என்று பின்னால் நின்றிருந்த ஒருவன் சொன்னான். நீர்நிலை மாசு பற்றி நான் நடத்த நினைத்த பாடம் முழுவதையும் அவனே சொல்லிவிட்டான்.

சிலந்தி வரையும்போதும் இப்படித்தான். எட்டுக் காலையும் பெரிய வயிற்றில் ஒட்டவைப்பார்கள். உண்மையில் எட்டும் முன்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. தப்பாக வரைந்து, அழித்து, போய்ப் பார்த்து, வந்து திருப்பி வரைகிற இந்தச் சுற்றுக்கு நேரம் பிடிக்கும். தொழில்முறை ஓவியரை வரவழைத்து இரண்டே நாளில் பளபளவென்று முடித்துவிடலாமே என்று அவசரப்படுகிறவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. ஓவியர் கட்டாயம் வேண்டும். கட்டம் போட, நிறம் கலக்க, சாரத்தில் ஏறி உயரத்தில் உள்ளதை முடிக்க, மொத்தத்தில் கண்ணுக்கு நிறைவாகக் கொண்டுவர அவர் இல்லாமல் முடியாது. ஆனால் விரல்களை அவர் வரையக் கூடாது.

ஒரு நகரத்தின் கையிலேயே வேலையைக் கொடுத்த கலைப்படைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் காசல் நகரம். அங்கே நடக்கும் டாக்குமெண்டா கலைக் கண்காட்சிக்காக 1982-இல் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 7,000 பசால்ட் கற்களைக் கொண்டுவந்து, ஃப்ரிடெரிசியானும் அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்தார். நகரத்துக்குள் ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்கலாம். எடுத்த கல்லை அந்த மரத்தின் பக்கத்திலேயே நட்டுவைக்க வேண்டும். ஒரு மரத்துக்கும் ஒரு கல்லுக்கும் சேர்த்து அன்றைய ஜெர்மன் பணத்தில் 500 மார்க் நன்கொடை. 'ஏழாயிரம் ஓக் மரங்கள்' என்பது படைப்பின் பெயர்; நட்டவற்றில் லிண்டன், மேப்பிள், ஆஷ் என்று வேறு மரங்களும் உண்டு. நகரத்தின் நடுவில் கண்காட்சிக்கு வந்தவர்களின் கண்ணெதிரே இப்படி ஒரு கற்குவியல் கிடந்தால் எரிச்சல் வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் குவியலை அங்கிருந்து அகற்ற மரம் நடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

எங்கே நடுவது என்பதைக் குடியிருப்போர், பள்ளிகள், தெருக்காரர்கள் சொன்னார்கள். வேலை முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. பாய்ஸ் 1986 ஜனவரியில் காலமாகிவிட்டார். 1987-இல் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். நட்ட புதிதில் ஒல்லியான கன்றுக்குப் பக்கத்தில் கல்தான் பெரிதாகத் தெரியும். ஆண்டுகள் போகப்போக, கல் அப்படியே இருக்க, மரம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். விளக்கப்பலகை எதுவும் இல்லாமலே ஒரு குழந்தைக்கு இது புரியும்.

பின்லாந்தில் இதே போக்கில் இன்னொன்று. ஆக்னஸ் டெனஸ் என்ற கலைஞரின் திட்டப்படி, 1992 முதல் 1996 வரை, இலோயார்வி என்ற ஊரில் சரளை தோண்டிச் சிதைந்த இடத்தில் செயற்கைக் குன்று ஒன்றை எழுப்பி, 11,000 பேர் 11,000 பைன் மரங்களை நட்டார்கள். நட்ட ஒவ்வொருவருக்கும் அந்த மரத்துக்கான சான்றிதழ் உண்டு. அதைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எழுதிவைக்கலாம். 400 ஆண்டுகளுக்கு அந்தக் காட்டைத் தொடுவதில்லை என்பது ஏற்பாடு.

கலை எல்லா நேரமும் கல்லாகவோ மரமாகவோ இருக்க வேண்டியதில்லை. கரீபியன் தீவான செயிண்ட் லூசியாவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கிளி 1970-களில் சுமார் நூறு என்ற அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. பால் பட்லர் என்ற இளைஞர் அந்தத் தீவின் வனத்துறையோடு சேர்ந்து அதைக் காப்பாற்ற இறங்கினார். கிளி வேடம் கட்டிய ஆள் பள்ளி பள்ளியாகப் போனார். பாட்டு, விளம்பரப் பலகை, தேவாலயப் பிரசங்கம் என்று எங்கே திரும்பினாலும் கிளி. இது எங்கள் கிளி என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது. 1979-இல் அது தேசியப் பறவை ஆனது, 1980-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிடிப்பதும் சுடுவதும் குறைந்தன, கிளியின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. சட்டம் கூடவே வந்ததை இங்கே கவனிக்க வேண்டும். பாட்டும் வேடமும் தனியாக அந்தக் கிளியைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கிளியாவது அழகு. அசாமின் ஹர்கிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஐந்தடி உயரம், மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, குப்பைமேட்டில் பிணம் தின்று வாழும் நாரை. அது கூடு கட்டுவது வீட்டுக் கொல்லையில் உள்ள உயரமான மரங்களில். எச்சமும் அழுகிய மீன்துண்டும் இறைச்சித்துண்டும் முற்றத்தில் விழும். நாற்றம் தாங்காமல் மரத்தையே வெட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, மரம் அவர்களுடையது. உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் இந்த ஊர்களின் பெண்களிடம் போனார். அங்கே வீட்டுக்கு வீடு தறி உண்டு. துணியில் ஹர்கிலாவை நெய்தார்கள். தோளிலும் புடவையிலும் அந்தப் பறவை ஏறியது. குஞ்சு பொரிக்கும் காலத்தில், கர்ப்பிணிக்குச் செய்வது போலவே பறவைக்கும் வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கு நடத்தினார்கள். 'ஹர்கிலா படை' என்று பெயர் வைத்துக்கொண்டு பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கூடு உள்ள மரத்தின் சொந்தக்காரருக்கு ஊரில் மரியாதை கிடைத்தது. பர்மனுக்கு 2022-இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் 'புவியின் சாம்பியன்' விருது கிடைத்தது; 2023-இல் அந்த நாரை உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்தில் உள்ளவை' என்ற வகையிலிருந்து ஆபத்து குறைந்த வகைக்கு மாறியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்தப் பெண்களுக்கு யாரும் கலை கற்றுத்தர வரவில்லை. நெசவு ஏற்கெனவே அவர்களுடைய கையில் இருந்தது. வெளியிலிருந்து வந்தது பறவை பற்றிய அறிவும் அக்கறையும் மட்டும். நாம் ஒரு பகுதிக்கு வேலை செய்யப் போகும்போது, பெயிண்ட் டப்பாவோடு போவதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே யாருக்கு என்ன கைவேலை வரும் என்று விசாரித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் செய்யப்படும் உண்ணிச்செடி யானைகளும் இந்த வகைதான். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. பூ அழகாக இருக்கிறது என்று ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்ப் புதர்புதராக அடைத்துக்கொண்டது. அது அடைத்த இடத்தில் புல் வளராது. மானுக்கும் யானைக்கும் அது தீனியும் ஆகாது. அந்தத் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் கட்டினால் ஆளை மிரட்டும் அசல் அளவு யானை. பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் சமூகத்துக் கைவினைஞர்கள் செய்கிறார்கள். காட்டில் தாங்கள் நேரில் அறிந்த யானைகளை மாதிரியாக வைத்தே செய்கிறார்கள். 2021-இல் இவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக நின்றன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது. காட்டிலுள்ள உண்ணிச்செடி முழுவதும் இதனால் தீர்ந்துவிடாது, வெட்டினால் தூரிலிருந்து திரும்பத் துளிர்க்கிற செடி அது. ஆனால் யானையோடு ஒரே நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த அறிவுக்கே கூலி கிடைப்பது சாதாரண விஷயம் கிடையாது. ஆரம்பத்தில் புலியும் யானையும் கேட்பவர்களைப் பற்றிக் குறை சொன்னேனே, இந்த யானைகளுக்கு அது பொருந்தாது.

கடலுக்குள் போவோம். இத்தாலியின் தலமோனே கடற்கரையில் பாவ்லோ ஃபன்சியுல்லி என்ற மீனவர். கரையையொட்டி இழுவைமடி போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, இருட்டில் போடுகிறார்கள். அடியில் இழுபடும் மடி, மீன் குஞ்சு வளரும் கடற்புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். அவர் மறித்துப் பார்த்தார், ஓயவில்லை. பிறகு கராரா சலவைக்கல் சுரங்கம் ஒன்றில் இரண்டு கல் கேட்டார். அவர்கள் நூறு கல் கொடுத்தார்கள். சிற்பிகள் வந்து செதுக்கினார்கள். கடலடியில் நிற்கும் அந்தச் சிற்பங்களில் மடி மாட்டினால் கிழிந்துவிடும். காவல் காக்கிற கலை. பாசியும் மீனும் அதில் குடியேறியது கூடுதல் லாபம். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பிடித்துப்போனது.

மெக்சிகோவின் கான்கூன் அருகே ஜேசன் டிகேரஸ் டெய்லர் என்ற சிற்பி செய்த நீரடி அருங்காட்சியகத்தின் நோக்கம் வேறு. இயற்கையான பவளத்திட்டுகளைச் சுற்றுலா முக்குளிப்பவர்கள் மிதித்து நாசமாக்கினார்கள். அவர்களை வேறு பக்கம் இழுக்க நூற்றுக்கணக்கான உருவங்களைக் கடலடியில் நிறுத்தினார். பல உருவங்கள் அந்தப் பகுதி மக்களையே அச்செடுத்து வார்த்தவை. காரத்தன்மை குறைத்த சிமெண்ட், சொரசொரப்பான மேற்பரப்பு. பவளத்தின் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இது வேண்டும். இந்த நுணுக்கம் தெரியாமல் கடலில் எதையாவது போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா சாட்சி. 1970-களில் செயற்கைப் பவளத்திட்டு என்று சொல்லி ஃபோர்ட் லாடர்டேல் கடலில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டு அறுந்து டயர்கள் உருண்டு, பக்கத்தில் இருந்த உண்மையான பவளத்தையே அடித்து நொறுக்கின. அது கலைப்படைப்பாக நினைத்துச் செய்யப்பட்டதில்லை, நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கலைஞர்களும் கேட்க வேண்டிய பாடம். உயிரியலாளர் ஒருவரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இயற்கைக்குள் எதையும் நிறுவக் கூடாது.

டெய்லருடையதே ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கரையில் இன்னொன்று உண்டு. 2019-இல் கடலில் நிறுத்திய சிறுமிச் சிலை, வுல்குருகாபா பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் உருவம். பெருந்தடுப்புப் பவளத்திட்டின் ஒரு பகுதியான டேவிஸ் திட்டிலிருந்து நீரின் வெப்பநிலைத் தகவல் வருகிறது. நீர் சூடாகச் சூடாகச் சிலையின் நிறம் நீலத்திலிருந்து சிவப்பை நோக்கி மாறும். கரையில் நடக்கப் போகிறவர்கள் வரைபடம் எதையும் படிக்காமலே கடலுக்குக் காய்ச்சல் என்று தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் 2014 முதல் ஆற்று முகத்தில் குப்பை அள்ளும் நீர்ச்சக்கரத்துக்கு உருட்டுக் கண் ஒட்டி, பெயரும் வைத்ததும் ஊருக்கே செல்லமாகிவிட்டது. அள்ளிய குப்பையில் என்ன, எவ்வளவு என்ற கணக்கையும் வெளியிடுகிறார்கள். எனக்கு அந்தக் கண்ணைவிட அந்தக் கணக்கு முக்கியம்.

ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து 2015-இல் பாரிஸ் சதுக்கம் ஒன்றில் வட்டமாக வைத்து உருகவிட்டார். மக்கள் தொட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், உள்ளே அடைபட்ட பழங்காலக் காற்று வெடித்து வெளியேறும் ஓசையைக் காது வைத்துக் கேட்டார்கள். உருகி முடிந்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உலகப் பருவநிலை மாநாடு நடந்த ஊர் என்பதால் அங்கே கூடியிருந்த அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஒரு பள்ளிக்கோ ஒரு தெருவுக்கோ நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, நம் சுவருக்கு வருவோம். வரைந்த பிறகு பொறுப்பு என்றேன். அது எப்படி என்றால், ஓவியத்தின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில், ஒரு பட்டையை வெறுமையாக விட்டுவிடுவோம். கரும்பலகைப் பெயிண்ட் அடித்தது. மழைக்காலத்தில் எந்தத் தவளையின் குரல் எந்த நாளில் முதலில் கேட்டது, முட்டை எப்போது தெரிந்தது, தலைப்பிரட்டைக்குப் பின்கால் எப்போது முளைத்தது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பின்கால்தான் முதலில் வெளியே தெரியும், முன்கால் அதன்பிறகு. எழுதியதைப் பெரிய வகுப்பு மாணவர் ஒருவர் நோட்டில் ஏற்றிக்கொள்வார். அந்தக் கரும்பலகையில் எழுத்து இருந்தால் சுவர் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓவியத்தின் நிறம் மங்கியிருக்கிறதா என்பதை அதற்கப்புறம்தான் பார்ப்பேன்.

நிறம் மங்கத்தான் செய்யும். வெயில் படும் சுவரில் பளீர் சிவப்பும் இளஞ்சிவப்பும் முதலில் போகும். காவி, மஞ்சள் மண் போன்ற மண்நிறங்கள் நெடுநாள் நிற்கும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் பயன்படுத்தினாலும் சில ஆண்டுகளில் மறுபூச்சு வேண்டும். சுவரின் ஈரம் உள்ளேயிருந்து வந்தால் எந்தப் பெயிண்ட்டும் நிற்காது. இதையெல்லாம் நிதி தருகிறவர்களிடம் சொன்னால் முகம் மாறும். திறப்புவிழாவுக்குப் பணம் உண்டு, மறுபூச்சுக்குக் கிடையாது. எத்தனை சதுர அடி வரைந்தீர்கள், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், படங்கள் இருக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த நீர்நிலை இருக்கிறதா, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இப்போதெல்லாம் திட்டம் எழுதும்போதே அந்தக் கேள்வியையும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டுச் சாரத்துக்கும் பெயிண்ட்டுக்கும் தனியாகத் தொகை, கணக்கெழுதும் பிள்ளைகளுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல நோட்டும், திரும்பப் போய்ப் பார்க்கும் உயிரியலாளருக்குப் பயணச் செலவு. இந்த மூன்றையும் வெட்டச் சொன்னால், ஓவியத்தின் நீளத்தைப் பாதியாக்கிக்கொள்கிறேன், அவற்றைக் குறைப்பதில்லை.